பெட்டூனியாவின் வெள்ளைக் கோடு: மரபணு அகற்றப்படவில்லை

ஓசூர் நர்சரிகளில் விற்கும் நட்சத்திர வடிவ வெள்ளைக் கோடுள்ள பெட்டூனியா என்ற பூச்செடியில் நிற மரபணு வெட்டி அகற்றப்பட்டுள்ளது என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அந்த மரபணு குரோமோசோமில் அப்படியே இருக்கிறது. வெள்ளைப் பகுதியின் செல்களில், அதிலிருந்து உருவாகும் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுவின் குறிப்பை எடுத்துச்செல்லும் நகலை, சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள் அடையாளம் காட்டிச் சிதைய வைப்பதால், நிறமிக்குத் தேவையான நொதி போதிய அளவு உண்டாவதில்லை, அவ்வளவுதான். இந்த ரகங்களில் இது இயற்கையாகவே நடக்கிறது. 1990இல் நிறத்தை அடர்த்தியாக்க அதே மரபணுவின் கூடுதல் படியைச் சேர்த்த ஆய்வில், எதிர்பார்ப்புக்கு மாறாகச் சில செடிகள் வெள்ளையாகப் பூத்தன என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

சரிபார்க்க விரும்புவோர் ஒரே செடியைத் தொட்டியில் வளர்த்து, மார்கழிப் பனியிலும் மாசி வெயிலிலும் பூக்களைப் படமெடுத்து ஒப்பிடலாம். தட்பவெப்பத்துக்கேற்ப கோட்டின் அகலம் மாறக்கூடும். ஆய்வக வசதி உள்ள கல்லூரி மாணவர்கள், வெள்ளைப் பகுதியிலிருந்து மட்டும் டி.என்.ஏ. எடுத்துப் பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியைப் பல மடங்கு நகலெடுத்துக் காட்டும் சோதனை) செய்தால், அந்த மரபணுவை நேரடியாகவே காணலாம். சில வைரஸ்கள் தாக்கும்போது வெள்ளைப் பகுதியில் நிறம் திரும்பிவிடுவதும் பதிவாகியுள்ளது. இல்லாத மரபணுவால் அது இயலாது.