அந்த ஒரு நாளை வெட்டாதீர்கள்

நேற்று இரவு சபை குரூப்பைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அடுத்த எருசலேம் பயணத்துக்கான பட்டியலில் சனிக்கிழமைக்கு நேரே இருந்த 'ஓய்வு' என்பதை அடித்துவிட்டு, எரிகோ, சாக்கடல் என்று எழுதியிருக்கிறார்கள். கீழே ஓர் அண்ணன், "போன தடவை ஒரு நாள் முழுக்க ஹோட்டலில் படுத்துத் தூங்கினோம், அவ்வளவு காசு கொடுத்தது தூங்குவதற்கா?" என்று போட, 17 பேர் கைதட்டியிருக்கிறார்கள். அன்றைக்குத் தூங்கியவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

அந்த நாள் வீண் இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் பயணத்திலேயே நல்ல நாள் அதுதான்.

அதற்கு முந்தைய நாட்களை நினைத்துப் பாருங்கள். நடு இரவில் எழுப்பி சீனாய் மலைக்குக் கூட்டிப் போனார்கள். 2,285 மீட்டர் உயரம், எலும்பைத் துளைக்கிற குளிர். அப்புறம் பெட்டியைக் கட்டு, பஸ் ஏறு, இறங்கு, போட்டோ எடு, மறுபடி பஸ் ஏறு. பெத்லகேமில் இயேசு எந்த இடத்தில் பிறந்தார் என்று பார்க்கக் குனிந்தபோது பின்னால் நின்றவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். ஜெபிக்கப் போன இடத்தில் ஜெபிக்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எருசலேமில் சைரன் ஊதியது. சூரியன் மறைய இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அம்மா திடுக்கிட்டு, "என்னடி, மில் சங்கு மாதிரி ஊதுது?" என்றார். மதுரையில் வளர்ந்தவர்களுக்குச் சங்கு என்றால் ஷிப்டுக்கு ஓடு என்று அர்த்தம். அங்கே யூதர்களுக்கு வெள்ளி சாயங்காலம் தொடங்கிச் சனி சாயங்காலம் வரை ஓய்வுநாள்; வேலையை நிறுத்து, விளக்கேற்று என்று சொல்ல ஊதுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் யாஃபா சாலையில் டிராம் நின்றது, பஸ் நின்றது, கடைகள் ஷட்டரை இறக்கின. மறுநாள் காலையில் அந்தத் தண்டவாளத்தின் மேலேயே குழந்தைகள் கைகோத்து நடந்து போனார்கள். ஹோட்டல் லிஃப்ட் பட்டனே அழுத்தாமல் மாடிக்கு மாடி தானாக நின்று போனது. மின்சாரத்தை முடுக்குவதும் அவர்களுக்கு வேலைதான்.

அம்மா எட்டரை மணி வரை தூங்கினார். என் வயதில் நான் அதைப் பார்த்ததில்லை.

புதூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பூக்கட்டினார். விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய் உதிரிப்பூ வாங்கி, வாழைநாரை நனைத்து வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். மல்லிகை நாளைக்கு வரை காத்திருக்காது. மொட்டாக இருக்கும்போதே கட்டி, மலரும் முன் விற்றாக வேண்டும். ஞாயிறு முகூர்த்தம் என்றால் இன்னும் மோசம். முதல் ஆராதனைக்கு வந்துவிட்டு, கடைசி ஜெபத்துக்கு முன்பே நழுவிவிடுவார். அதற்குக்கூடச் சபையில் பேச்சு வாங்கியிருக்கிறார். அந்தப் பயணத்துக்கான காசு முழம் முழமாகச் சேர்ந்தது. அதனால் காசைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை மடியில். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன, நாரை முடிச்சுப் போடுகிற மாதிரி. மத்தியானத்துக்கு மேல் அதுவும் நின்றது.

மற்ற குழுக்கள் அரபு ஓட்டுநரை வைத்துக்கொண்டு சனிக்கிழமையும் சுற்றுகிறார்களே என்கிறீர்கள். சுற்றலாம்தான். பழைய நகரத்தில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் இருக்கும் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன. நம்மில் சிலர் நடந்து போய் வந்தார்களே, யாராவது தடுத்தார்களா? போக நினைத்தவர்கள் போனார்கள். படுக்க நினைத்தவர்களை மட்டும் ஏன் இப்போது குற்றவாளி ஆக்குகிறீர்கள்?

நமக்கு ஓய்வுநாள் ஞாயிறுதானே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சரி, ஞாயிறே இருக்கட்டும். நம் வீட்டில் ஞாயிறு யாருக்கு ஓய்வு? ஆராதனை முடிந்து நீங்கள் சாய்ந்து படுக்கிறீர்கள். கறிக்குழம்பு யார் வைக்கிறார்கள்? மசாலா யார் அரைக்கிறார்கள்? அங்கே சனிக்கிழமைச் சாப்பாட்டை வெள்ளிக்கிழமையே சமைத்துச் சூட்டிலேயே வைத்துவிடுகிறார்கள், அன்றைக்கு அடுப்புப் பற்றவைப்பதில்லை. வேதாகமத்தில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் யார் யார் ஓய வேண்டும் என்று வரிசையாக இருக்கிறது: நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன். மனைவி என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து மனப்பாடம் சொன்ன எனக்கு அந்த ஹோட்டல் அறையில்தான் அது கண்ணில் பட்டது. மாட்டுக்கு வரை சொன்ன இடத்தில் அம்மா எங்கே என்று அன்றைக்கு அழுகை வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூவை உங்கள் பிள்ளை கல்யாணத்துக்கு வாங்கினீர்கள் அண்ணே. அந்த ஞாயிறு அம்மா விடிய விடியக் கட்டினார். அவர் ஒரு நாள் தூங்கியதைக் கணக்குப் பார்க்கிறீர்களே.

குரூப்பில் வந்ததை அம்மாவிடம் காட்டவில்லை. இன்று மாலை போதகர் ஐயாவைப் பார்த்து, பட்டியலில் அந்த நாளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சேர்த்தால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.