சின்னசாமியில் அன்று சுழல் இல்லை

"சொந்த மண்ணில் நம்மிடமிருந்து யாரும் தொடரைப் பறித்ததில்லை, ஆஸ்திரேலியா வந்தாலும் ஒரு டெஸ்ட்கூடத் தேறாது" என்பது தப்பு அண்ணா. 2012-க்குப் பிறகு இந்தியா சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை விடவில்லை, சரி. அப்புறம் 2024-இல் நியூசிலாந்து 3-0, 2025-இல் தென்னாப்பிரிக்கா 2-0. ஆஸ்திரேலியாவே 2017-இல் புனேயிலும் 2023-இல் இந்தூரிலும் ஜெயித்தது.

2024 அக்டோபரில் அந்த நியூசிலாந்து தொடரின் முதல் டெஸ்ட்டுக்கு, அல்சூரிலிருந்து பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் மழை. மறுநாள் மேகமூட்டம், பந்து காற்றில் வளைந்து ஸ்விங் ஆனது. 10 ரன்னுக்குள் மூன்று பேர் போனதும், பக்கத்துப் பெரியவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இந்தியா 46 ஆல் அவுட், ஐந்து பேர் டக், அதாவது பூஜ்ஜியம். சுழலுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர்கள் ஹென்றி 5, ஓரூர்க் 4.

சுழல்களம் போட்டால் வந்தவர்களுக்கும் பந்து திரும்பும். அதே தொடரில் மும்பை வான்கடேயில் நியூசிலாந்தின் சுழல் வீச்சாளர் அஜாஸ் படேல் 11 விக்கெட் எடுத்தார். 147-ஐத் துரத்தி 121-இல் சுருண்டோம்.