32 டிகிரிதானே என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்

போனில் வானிலையைப் பார்த்துவிட்டு, "என்னடா, 32 டிகிரிதானே, திருச்சியில இதுக்குப் பேரு மார்கழி" என்று சிரித்துக்கொண்டே சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. திருச்சியில் 40 டிகிரியில் வேர்க்கும், சரி, கொஞ்சம் காற்றடித்தால் காய்ந்தும் போகும். இங்கே காயாது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிற ஊர் இது. வேர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்? ஆவியாகவே வழியில்லாமல் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும், நாம் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்துகொண்டிருப்போம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரிதான், 1983இல் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒரு முறை. இதைச் சொன்னால் இன்னும் சத்தமாகச் சிரிக்கிறார்கள்.

இந்த முறை சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பாவுக்குப் பறவை என்றால் உயிர், வேடந்தாங்கல், கோடியக்கரை எல்லாம் சுற்றியவர். "சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போடா, சைபீரியாவிலிருந்து உள்ளான் பறவை எல்லாம் வருமாமே" என்றார். வரும் சித்தப்பா, செப்டம்பரில் வரும், மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். நீங்கள் வந்திருப்பது மே மாதம். கோடியக்கரைக்கு மே மாதம் போவீர்களா? பேரப்பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதான் என்பது எனக்குப் புரிகிறது, உள்ளானுக்குப் புரியாதே. அதோடு இந்த ஊரிலேயே சராசரியாகச் சூடு அதிகமான மாதமும் மேதான். பறவை குறைவு, வெயில் அதிகம், இதற்கு விமான டிக்கெட் வேறு.

சரி, இருக்கிற பறவையையாவது பார்க்கலாம் என்றால் காலையில் போக வேண்டும். இங்கே விடிவதே ஏழு மணிக்கு, காப்பகமும் ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. ஏழிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைதான் பறவைக்கும் மனிதனுக்கும் நல்ல நேரம். இவர்கள் குளித்து, சாமி கும்பிட்டு, கீழே கோப்பிக்கடையில் பரோட்டா சாப்பிட்டு, கடைக்காரர் தே தாரேக் என்கிற பால் டீ ஆற்றுவதை வீடியோ எடுத்து, போய்ச் சேரும்போது மணி பத்தரை. சித்தப்பா தடித்த ஜீன்ஸ். இரண்டு பேருக்கும் சேர்த்து அரை லிட்டர் தண்ணீர். வெப்ப அழுத்தம் எவ்வளவு என்று காட்ட அரசாங்கச் செயலி இருக்கிறது, பாருங்கள் என்று போனை நீட்டினேன், "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு செயலி" என்றார். அரை மணி நேரத்தில் சித்திக்குத் தலை சுற்றி, பறவை பார்க்கும் மறைவிடத்தின் பலகையில் படுக்க வைத்து, என் தொப்பியால் விசிறி, என்னிடம் இருந்த தண்ணீரையும் கொடுத்து... அங்கிருந்து வெளியே வர டாக்சி கிடைத்தால்தானே!

அதற்கு முன்னாலேயே குரங்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் பை என்றாலே உள்ளே தீனி என்று இந்த ஊர்க் குரங்குகளுக்குத் தெரியும், பையை வெளியே எடுக்காதீர்கள் என்று வாசலிலேயே சொன்னேன். முறுக்குப் பை போயிற்று. போனதோடு விட்டால் பரவாயில்லை, "பாவம், பசிக்குது போல" என்று சித்தி வாழைப்பழத்தை உரிக்கிறார்! வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் சித்தி, உள்ளே வையுங்கள் அதை என்று நான் கத்திய கத்தலில் பக்கத்தில் ஏதாவது பறவை இருந்திருந்தாலும் மலேசியாவின் ஜோகூருக்குப் பறந்திருக்கும்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், என் பைனாகுலர் விஷயத்தை மட்டும் முடியாது. சித்தப்பா கொசு மருந்தைக் கை நிறைய அடித்துக்கொண்டு, அதே கையோடு அதை வாங்கிப் பிடித்திருக்கிறார். அந்த மருந்தில் இருக்கும் டீட் என்கிற ரசாயனம் சில வகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைத்துவிடும். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், வலது பக்க ரப்பர் பிசுபிசுவென்று இளகி, அதில் கட்டைவிரல் ரேகை அச்சு அசலாகப் பதிந்திருக்கிறது. ஆதார் அட்டைக்குக் கூட இவ்வளவு தெளிவாக வராது. பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று ஈரம் புகாத டிரை பாக்ஸில் வைத்துக் கண்ணாகக் காத்த பொருள்.

அடுத்த நாள் சாங்கி வில்லேஜ். டாக்சியில் குளிர்சாதனத்தை முழுசாக வைக்கச் சொல்லி, பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் சித்தப்பா. பையில் போட்டு மூடி வையுங்கள், ஜில்லென்று இருக்கும் கண்ணாடி வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும் என்றேன். கேட்டால்தானே. இறங்கியதும் கார் நிறுத்துமிடத்து மரத்தில் இருவாச்சி, ஒன்றல்ல, ஜோடி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊரில் இல்லாமல் போய், 1994இல் புலாவ் உபின் தீவில் திரும்பத் தலைகாட்டி, அப்புறம் பெருகிய பறவை. ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. சித்தப்பா அந்த ஐந்து நிமிடமும் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்கத் துடைக்க மறுபடி ஆவி படிகிறது. வெறுங்கண்ணால் பாருங்கள் சித்தப்பா, அவ்வளவு பெரிய அலகு, அவ்வளவு பக்கத்தில் என்றால், "இருடா, தெளியட்டும்" என்கிறார். பறந்துவிட்டது.

ஊருக்குப் போய்க் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்: "சிங்கப்பூரில் பறவை ஒன்றும் பெரிதாக இல்லை, மைனாதான்." அதற்கு அத்தைமார் எல்லாம் கைதட்டு வேறு.

இனி யார் வந்தாலும் தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, பைனாகுலர் இரவல் கிடையாது. வேண்டியவர்கள் முஸ்தபா கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், எப்படியும் அங்கே போகத்தான் போகிறீர்கள்.