திருப்தி என்று எழுதி வாங்கினால் போதுமா?

மருத்துவமனையின் மனநல ஓ.பி. (வெளிநோயாளர் பிரிவு) வாசலில், வந்தவர்கள் திருப்தி அடைந்ததாகச் சொல்லி மாட்டியிருக்கும் பலகையைப் பற்றி, கேரள எல்லையோரத்துத் தமிழர்களான நம் கொழிஞ்சாம்பாறைக் குழுவில் நேற்று நடந்த பேச்சு முழுவதையும் படித்தேன். "இலவசமாகப் பார்க்கிறார்கள், வந்தவர்கள் எல்லோரும் நல்லது என்றுதான் எழுதியிருக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன குறை?" என்று கேட்டவருக்கு அங்கே பதில் எழுத மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அந்தத் திருப்தி எப்படி வாங்கப்படுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மாமா இறந்த பிறகு உறக்கமில்லாமல் தவித்த என் அத்தையை அங்கே அழைத்துப் போயிருந்தேன். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) உளவியலாளர் பொறுமையானவர், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அத்தை தமிழில் சொன்னதில் பாதி அவருக்கு எட்டவில்லை. மொழிபெயர்க்க வந்து நின்ற ஊழியரோ எங்கள் பக்கத்துத் தெருக்காரர். அவர் எதிரில் வீட்டு விஷயத்தை அத்தை எப்படி வாய் திறந்து சொல்வார்? பிறகு மாத்திரை வரிசையில் நிற்கும்போது, மலையாளத்தில் அச்சடித்த படிவம் வந்தது. அத்தைக்கு மலையாளம் கேட்டால் புரியும், படிக்க வராது. அதே ஊழியர் பேனாவை எடுத்து, "நல்லதுதானே அம்மா?" என்று கேட்டு, அத்தை தலையாட்டி முடிப்பதற்குள் மேலிருந்து கீழ்வரை குறியிட்டுவிட்டார். ஏன் தலையாட்டினீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "குறை சொன்னா அடுத்த வாட்டி மாத்திரை தருவாங்களா கண்ணு?" என்றார். அதன்பின் அவர் அங்கே போகவே இல்லை. கணக்கில் அவரும் திருப்தி அடைந்தவர்தான்.

ஓர் அத்தையை வைத்து எல்லாவற்றையும் எடைபோடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்: வராமல் நின்றுபோனவர்களையும் கேளுங்கள். மனநல சேவைகளில் பயன்படும் 8 கேள்விகள் கொண்ட திருப்திப் படிவத்தை 1979-லேயே லார்சன், அட்கிசன் முதலியோர் வெளியிட்டார்கள். நீங்கள் விரும்பிய வகை உதவி கிடைத்ததா, மறுபடியும் உதவி தேவைப்பட்டால் இங்கேயே வருவீர்களா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். அத்தகைய படிவத்திலும் மதிப்பெண்கள் உயர்வாகவே விழுவதும், பாதியில் விட்டுப் போனவர்கள் கணக்கில் வராமல் போவதும் இத்துறையில் பழகியவர்களுக்குத் தெரிந்த சிக்கல்கள். அப்படியிருக்க, மருந்து கொடுப்பவரின் எதிரில், படிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய தலையாட்டலைத் திருப்தி என்று எப்படி ஏற்பது?

அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐத் தொலைபேசியில் அழைத்தால் தமிழிலேயே பேசலாமே என்கிறார்கள். பேசலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் வாரந்தோறும் ஒரே ஆளின் முன் உட்கார்ந்து மனம் விடும் சிகிச்சைக்கு அது ஈடாகாது.

"மலையாள நாட்டில் இருந்துகொண்டு தமிழ் கேட்பதா?" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லும்போதுதான் நெஞ்சு வலிக்கிறது. நாங்கள் எங்கிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அல்ல. மாநில எல்லைக் கோடு எங்கள் ஊருக்குக் கிழக்கே விழுந்தது, அவ்வளவுதான். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதிப் பதில் பெறக் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. ரேஷன் கார்டுக்குத் தமிழில் மனு எழுதலாம், துக்கத்தைத் தமிழில் சொன்னால் மட்டும் கேட்க ஆளில்லையா? சிகிச்சையில் சொல்வது வெளியே போகாமல் காக்கப்படுவதும், சேவையில் குறை இருந்தால் புகார் செய்வதும் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தந்த உரிமைகள். பக்கத்துத் தெருக்காரரை நடுவில் நிறுத்தினால் முதல் உரிமைக்கு என்ன உத்தரவாதம்? அவர் கையிலேயே படிவத்தையும் கொடுத்தால் இரண்டாவது உரிமையை யார் பயன்படுத்துவார்கள்?

மருத்துவமனை மேல் எனக்குப் பகை இல்லை. தமிழறிந்த ஓர் உளவியலாளர் வாரத்தில் ஒரு நாளாவது வர வேண்டும். அங்கே வேலை செய்யாத ஒருவர், வராமல் நின்றவர்களையும் சேர்த்து, தமிழில் கருத்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுத் தமிழிலேயே மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புபவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அங்கே சிகிச்சைக்குப் போனவர்களாக இருந்தால் அதை மனுவில் குறிப்பிட வேண்டியதில்லை.