மபாம்பா படகோட்டியும் ஆறுமணிக்குருவியும்

உகாண்டாவில் பன்னிரண்டு நாள் பறவை பார்த்துவிட்டு வந்து மூன்று வாரமாகிறது. பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை லைஃபர்?" பறவை பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன், வாழ்நாளில் முதன்முதலாகப் பார்க்கிற பறவையை நாங்கள் லைஃபர் என்போம். பட்டியலில் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் பறவைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை லைஃபர்தான். ஆனால் அவற்றில் நானாகத் தேடிக் கண்டுபிடித்தவை முப்பதுகூடத் தேறாது. மற்றவை எல்லாம் எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டிகளின் கண்ணும் காதும் கொடுத்தவை.

அதனால்தான் இந்தப் பதிவு. ஆப்பிரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போகிற நம் ஆட்கள் லென்ஸுக்கும் தங்கும் விடுதிக்கும் தயங்காமல் செலவு செய்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டியின் கூலி என்று வரும்போது மட்டும் பேரம் பேசுகிறார்கள். "டிரைவருக்கே பறவை தெரியுமாம், தனியாக கைடு எதற்கு?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். போவதற்கு முன்னால் எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. மபாம்பாவில் ஒரு காலைப்பொழுது கழித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மபாம்பா என்பது விக்டோரியா ஏரியின் கரையில், என்டெபே விமான நிலையத்துக்கு மேற்கே இருக்கிற சதுப்புநிலம். 2006 முதல் ராம்சார் தளம், அதாவது உலக அளவில் முக்கியமானதென்று அங்கீகரிக்கப்பட்ட ஈரநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாப்பிரஸ் கோரை. நம் ஊரில் பாய் முடைகிற கோரையும் அதே குடும்பம்தான், ஆனால் இது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உச்சியில் பச்சைக் குஞ்சம் கட்டியதுபோல நிற்கும். நடுநடுவே ஒடுங்கிய வாய்க்கால்கள். அதில் மரப்படகில் கழி ஊன்றிக்கொண்டு போகவேண்டும். இலைக்கோழிகள் அல்லி இலைமேல் நடக்கின்றன, கையளவுகூட இல்லாத நீல மீன்கொத்தி கோரைத் தண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அங்கே வருகிற எல்லாரும் தேடுவது ஒரே பறவையை. ஷூபில்.

படத்தில் பார்த்திருப்பீர்கள். நாலடி உயரம், சாம்பல் நிறம், மரச்செருப்பைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு பெரிய அலகு. அரபியில் 'அபு மர்கூப்', அதாவது செருப்பின் தகப்பன் என்று பேர். பார்வைக்கு நாரை மாதிரி இருந்தாலும் நெருங்கிய உறவு கூழைக்கடாவோடுதான். தெற்கு சூடானிலிருந்து ஜாம்பியா வரை உள்ள சதுப்புகளில், உலகம் முழுவதும் சேர்த்தே 5,000 முதல் 8,000 வரைதான் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஆனால் பொதுவாக ஒரு குஞ்சுதான் பிழைத்து வளரும். வெயில் ஏறினால் அலகில் தண்ணீர் மொண்டுவந்து முட்டைமேல் ஊற்றிக் குளிரவைக்கும்.

அதற்குப் பிடித்த இரை நுரையீரல் மீன். அங்கே மீனவர்கள் பிடிப்பதும் அதே மீன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. ஷூபிலைப் பார்த்தால் அன்றைக்கு வலையில் மீன் விழாது என்பது அந்தப் பகுதி மீனவர்களின் பழைய நம்பிக்கை. கண்ணில் பட்டால் அடித்துக் கொன்றுவிடுவார்களாம். எங்கள் படகோட்டிக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அப்படிக் கொன்றவர்தான் என்று அவரே சொன்னார். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. "அப்போது எங்களுக்கு அதனால் நஷ்டம். இப்போது அது இருந்தால்தான் எனக்குச் சோறு" என்றார். இன்றைக்கு அந்தத் துறையில் படகோட்டுகிறவர்களில் பலர் மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நுரையீரல் மீன் எந்த இடத்தில் மூச்சுவிட மேலே வரும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள். மீன் எங்கே என்று தெரிந்தால் ஷூபில் எங்கே என்றும் தெரியும். அந்த அறிவைப் புத்தகம் படித்து நாம் சம்பாதிக்கவே முடியாது.

இனி சொல்லப்போவது எங்கள் தவறு. எட்டு மணி வாக்கில் பறவை கிடைத்தது. கோரை ஓரமாகத் தண்ணீரைப் பார்த்தபடி சிலைபோல நின்றது. அதன் வேட்டை முறையே காத்திருப்பதுதான். மணிக்கணக்காக அசையாமல் நிற்கும், மீன் மேலே வந்த நொடியில் மொத்த உடம்போடு அதன்மேல் விழும். படகோட்டி நல்ல இடைவெளி விட்டுக் கழியை ஊன்றி நிறுத்தினார். எங்களில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்ட போகச் சொல்லுங்க, கண்ணு ஷார்ப்பா வரல" என்றார். நானும்தான் போய்ச் சொன்னேன். படகோட்டி முதலில் தலையாட்டி மறுத்தார், திரும்பக் கேட்டதும் நகர்த்தினார். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று படகுகள் நெருங்கின. அது ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய இறக்கையை விரித்துப் போய்விட்டது. பறக்கிற படம் கிடைத்ததென்று படகில் சந்தோஷம். படகோட்டி மெதுவாக, "விடியற்காலையிலிருந்து அங்கேதான் நின்றது. இன்னும் சாப்பிடவில்லை" என்றார்.

அந்தப் படம் என்னிடமும் இருக்கிறது. நான் அதை எங்கும் போடப்போவதில்லை.

யோசித்துப் பாருங்கள், அவர் ஏன் நகர்த்தினார்? மறுத்தால் டிப்ஸ் குறையும், அடுத்த முறை வேறு படகைக் கூப்பிடுவார்கள். "கிட்டே போ" என்று நாம் சொல்லும்போது, அவருக்குத் தெரிந்த ஒரு நல்ல பழக்கத்தை நம் காசால் உடைக்கிறோம். வேண்டாம் என்று சொல்கிற வழிகாட்டிக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். திரும்பி வந்ததும் நான் கொடுத்தேன். முன்னாலேயே அவர் பேச்சைக் கேட்டிருக்கவேண்டும்.

பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டு அழைக்கிற பழக்கத்தைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். தன் எல்லைக்குள் போட்டிக்கு ஒருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது வெளியே வருகிறது. இரையையோ கூட்டையோ விட்டுவிட்டு வருகிறது. நாம் பார்த்துவிட்டுப் போய்விடுவோம், நாளைக்கு வேறொரு கூட்டம் வந்து அதே மரத்தடியில் அதே குரலைப் போடும். வழிகாட்டிகள் விரும்பியா செய்கிறார்கள்? வந்தவர்களுக்குப் பட்டியல் நிரம்பவேண்டும் என்பதால்தான்.

மபாம்பாவிலிருந்து வடக்கே மர்ச்சிசன் அருவிப் பூங்கா. நைல் நதி ஏழு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நெரிந்து 43 மீட்டர் கீழே விழுகிற இடம். கரை மண்ணில் துளை துளையாகச் செந்தொண்டைப் பஞ்சுருட்டான்களின் கூடுகள். புல்வெளியில் தரை இருவாச்சிகள் ஜோடியாக நடந்து போயின. நம் இருவாச்சியை மரத்தைவிட்டு இறக்கிக் கோழிபோல நடக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அங்கே வண்டியை நிறுத்தினால் எங்கள் வழிகாட்டி முதலில் வானத்தைப் பார்ப்பார், பாறுக் கழுகு எங்கே இறங்குகிறது என்று. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வேட்டைத் திருடர்கள் கொன்ற யானையின்மேல் விஷம் தெளித்துவிட்டுப் போகிறார்கள். வட்டமிடுகிற கழுகுகள் வனக்காவலர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். 2019இல் போட்ஸ்வானாவில் அப்படி ஒரே சம்பவத்தில் 537 கழுகுகள் செத்தன. நம் நாட்டில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் கழுகுகள் அழிந்ததையும் 2006இல் அதைத் தடை செய்ததையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது, எனக்குத்தான் ஆச்சரியம்.

அதே பூங்காவுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டியிருக்கிறார்கள். அந்த எண்ணெயை 1,443 கிலோமீட்டர் குழாய் வழியாகத் தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற திட்டம். அருவிக்குக் கீழே நைல் ஆல்பர்ட் ஏரியில் கலக்கிற முகத்துவாரமும் ராம்சார் தளம்தான், அங்கேயும் ஷூபில் உண்டு. உயிரோடு இருக்கிற பறவையால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அந்த மக்களால் கணக்குக் காட்ட முடிந்தால்தான், அந்தச் சதுப்புக்காகப் பேச நாளைக்கு ஆள் இருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த இடம் பிகோடி. கிபாலே காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஈரநிலம். 1990களின் தொடக்கத்திலிருந்து ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், நுழைவுக் கட்டணத்தில் பள்ளிக்கூடமே நடத்தியிருக்கிறார்கள். பெருநீலத் துராக்கோ என்கிற பெரிய நீலப் பறவை ஒன்று எங்கள் தலைக்குமேல் பழம் தின்றுகொண்டிருந்தது. அங்கே போகாமல் வராதீர்கள்.

தெற்கே பிவிண்டி காடு. கொரில்லா பார்க்க ஒருவருக்கு அனுமதிக் கட்டணமே 800 டாலர். நாங்கள் அதைத் தவிர்த்துவிட்டு, முபிவிண்டி சதுப்புவரை செங்குத்தாக இறங்கி, பச்சை அகல்வாயன் என்கிற கைக்குள் அடங்கும் பறவையைத் தேடினோம். கிடைத்தது. ஆனால் பிவிண்டியைப் பற்றிச் சந்தோஷமாக மட்டும் என்னால் எழுத முடியவில்லை. 1991இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, காலங்காலமாக அங்கே வாழ்ந்த பாட்வா மக்களை வெளியேற்றினார்கள். உரிய இழப்பீடு கொடுக்காதது தவறு என்று 2021இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தக் காட்டின் ஒவ்வொரு குரலும் தெரிந்தவர்கள் இன்றைக்குக் காட்டுக்கு வெளியே கூலி வேலை செய்கிறார்கள். அங்கே போகிறவர்கள் பாட்வா வழிகாட்டி யாராவது உண்டா என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு தேவை இருப்பது உறைக்கும்.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். அப்புறம், பதிவு செய்யும்போதே ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர் வழிகாட்டி தனியாக உண்டா, அவருக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிற ஏற்பாட்டாளரிடம் போகவேண்டாம்.

கிபாலேவைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. காலை ஐந்து மணிக்குக் கும்மிருட்டில் தலைவிளக்கோடு காட்டுக்குள் நடந்தோம். தேடியது பச்சைமார்பு பிட்டா என்கிற சின்னக் காட்டுப்பறவையை. ஒரு மணி நேரம் நடந்த பிறகு வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொன்னார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் விரலை மட்டும் ஒரு திசையில் நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் 'ப்ர்ர்ப்' என்று ஒரு சின்ன அதிர்வு. வெளிச்சம் வர வர, தாழ்ந்த கிளையில் ஒரு பறவை எம்பி எம்பிக் குதித்து இறக்கையால் அந்தச் சத்தத்தை எழுப்புவது தெரிந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு தரைக்கு இறங்கி இலைகளுக்குள் மறைந்துவிட்டது. யாரும் குரல் போட்டு அழைக்கவில்லை, யாரும் நெருங்கவில்லை.

மணி பார்த்தேன், ஆறு பத்து. அதன் உறவுக்காரன் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து எங்கள் ஊருக்கு வரும், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அதற்குத் தமிழில் ஆறுமணிக்குருவி என்று பேர் என்று அவரிடம் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, என்னை நாலு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. ஐந்து நொடிதான். இருட்டுக் காட்டின் சத்தம், நடுவில் ஒரு 'ப்ர்ர்ப்', அப்புறம் அவர் குரல் தமிழில்: "ஆறுமணிக்குருவி."