"மைனர் சேஞ்சஸ்" என்று கமிட் போடும் மகாராசன்களுக்கு

கோடில் செய்யும் மாற்றங்களை ஒரு குறிப்போடு பதிந்துவைப்பதுதான் கமிட். அவற்றைச் சேமித்துவைக்கும் மென்பொருளான கிட்டில், அந்தக் குறிப்புகளை வரிசையாகக் காட்டும் லாகைத் திறந்தாலே வயிறு எரிகிறது. "ஃபிக்ஸ்." அதற்கு மேலே "ஃபிக்ஸ் அகெய்ன்." அதற்கும் மேலே "ஃபைனல் ஃபிக்ஸ்." அப்புறம் "ஃபைனல் ஃபிக்ஸ் 2." எதை ஐயா ஃபிக்ஸ் பண்ணினீர்கள்?

நேற்று ராத்திரி புரொடக்‌ஷனில் ஒரே பேமென்ட் இரண்டு தடவை போகிறது என்று அலறல். நோண்டிப் பார்த்தால் ஒரே ஒரு வரிதான். 30 நொடி இருந்த டைம்அவுட்டை 7 ஆக்கியிருக்கிறார்கள். வங்கி பதில் சொல்வதற்குள் நம் சர்வர் பொறுமையிழந்து மறுபடி அனுப்பிவிடுகிறது. அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டும் கிட் பிளேம் போட்டேன். மெசேஜ்: "மைனர் சேஞ்சஸ்." கூடவே அதே கமிட்டில் நாற்பது ஃபைல், பாதி வெறும் இன்டென்ட் (வரித் தொடக்க இடைவெளி) சரிசெய்தது.

ஏன் 7? லோடு தாங்காமல் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றதா? யாராவது கிளையன்ட் கேட்டாரா? டெஸ்ட்டுக்காக மாற்றியது அப்படியே உள்ளே போய்விட்டதா? திரும்ப 30 ஆக்கினால் வேறு எது உடையும்? பதில் தெரிந்த ஒரே ஆள் நோட்டீஸ் பீரியட் முடித்துக் கிளம்பிவிட்டார்.

"டிஃப்பைப் பார்த்தாலே தெரியுமே" என்பார்கள். பழைய வரியையும் புதிய வரியையும் காட்டுவதுதான் டிஃப், அதில் 30 போய் 7 வந்தது எனக்கும்தான் தெரிகிறது. காரணம் டிஃப்பில் எங்கே இருக்கிறது? "டிக்கெட் நம்பர் போட்டிருக்கேனே" என்பது அடுத்த சமாதானம். வேலைக் கோரிக்கையைப் பதிந்துவைக்கும் அந்த டிக்கெட்டைத் திறந்தால் "நேரில் பேசிக்கொண்டபடி" என்று ஒரு வரி. இப்போது ஏஐ வேறு எழுதித் தருகிறது: "டைம்அவுட் மதிப்பு மாற்றப்பட்டது." அடடா!

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை எழுதியதே தான் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்காகத்தான். அங்கே ஒரு வரி மாற்றத்துக்கு மூன்று பத்தி விளக்கம் இருப்பது சகஜம். எந்தப் பழைய கமிட்டில் நுழைந்த பிழை என்பதை, "ஃபிக்ஸஸ்" என்று போட்டு அதன் ஹேஷின் (கமிட்டின் அடையாளக் குறியீடு) முதல் 12 எழுத்தோடு குறிப்பார்கள். நாமோ பாதி பாதியாகப் பிரித்துப் பிழை நுழைந்த இடத்தைத் தேடும் பைசெக்ட் ஓட்டி, ஆயிரம் கமிட்டைப் பத்தே சோதனையில் சலித்து, குற்றவாளியைப் பிடித்தால் அதன் பெயர் "டபிள்யூஐபி", அதாவது "வேலை நடக்கிறது"!

எல்லாம் கட்டளையோடு சேர்த்தே மெசேஜை ஒரே வரியில் அடித்துவிடும் அந்த "-எம்" பழக்கம். வெறுமனே கிட் கமிட் என்று அடியுங்கள், எடிட்டர் திறக்கும். ஐம்பது எழுத்துக்குள் ஒரு தலைப்பு, ஒரு காலி வரி, அப்புறம் காரணம். "வங்கி தாமதித்தால் கியூ நிரம்புகிறது, அதனால் குறைத்தேன்" என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

இனி "ஃபிக்ஸ்" என்று வரும் எதற்கும் என்னிடம் அப்ரூவல் கிடையாது. ரிலீஸ் தள்ளிப்போனால் போகட்டும், மேனேஜரிடம் என் பெயரையே சொல்லுங்கள்.