வாசல் மண்ணை மூடாதீர்கள்

போன வாரம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற கொய்யா மரத்தை வெட்டிவிட்டார்கள். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் மதில் மேல் எம்பிப் பறிப்பார்கள், அந்த வீட்டுத் தாத்தா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், கைக்கு எட்டாததைத் தானே ஒடித்துக் கொடுப்பார். தாத்தா போன வருஷம் தவறிவிட்டார். இப்போது அந்த இடம் முழுக்க சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக். அது அவர்கள் வீடு, அவர்கள் இடம், நான் போய்க் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரம் பக்கம். அரை கிரவுண்டு மனை, 1,200 சதுர அடி. 2012-இல் வீடு கட்டினோம். முன்னால் 10 அடிக்கு 30 அடி விட்டிருந்தோம், கிழக்குப் பார்த்த வாசல். வேலை முடியும் நேரத்தில் மேஸ்திரி, "வாசலை மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம்மா, மழைக்குச் சேறு இருக்காது, பூச்சி பொட்டு அண்டாது" என்றார். என் வீட்டுக்காரரும் சரி என்றார், நானும் சரி என்றேன். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் செய்யாறு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். "இருக்கிற மண்ணை மூடிட்டு ஒரு கட்டு கீரைக்குக் கடைக்கு ஓடுவியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் நாலடிப் பாதைக்கு மட்டும் சிமெண்ட் போட்டோம், மற்றது மண்ணாகவே நின்றது. அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கம், பூச்செடி முன்னால், காய்கறி கொல்லையில். கிராமத்து வீட்டுக்கு அது பொருந்தும், அங்கே கொல்லை என்று ஒன்று இருந்தது, கிணறு இருந்தது, வெயில் விழுந்தது. புறநகரில் அரை கிரவுண்டு மனையில் கொல்லை எங்கே இருக்கிறது? பின்னால் மூன்றடி சந்து, அதில் செப்டிக் டேங்க், அதற்கு மேல் பக்கத்து வீட்டு மாடியின் நிழல். கத்தரிக்கும் வெண்டைக்கும் தினம் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நம் மனையில் அந்த வெயில் விழுகிற தரை வாசல் மட்டும்தான், ஏனென்றால் எதிரே தெரு இருக்கிறது, யாரும் அங்கே மாடி எழுப்ப முடியாது. இருக்கிற ஒரே நல்ல இடத்தில் குரோட்டன்ஸும் புல்தரையும் வைத்துவிட்டு, மாடியில் பை வாங்கி, தென்னைநார்க் கழிவு வாங்கி, சித்திரை வெயிலில் கொதிக்கிற தளத்தில் இரண்டு வேளை தண்ணீர் தூக்கி ஊற்றுகிறோம். மாடித் தோட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தரை இல்லாதவர்களுக்கு அது வரம். தரை இருக்கிறவர்கள் முதலில் தரையைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மனம் விட்டுப் போகிறார்கள். புது வீட்டு வாசலில் இருப்பது மண்ணே இல்லை. கலவை கலந்த இடம், செங்கல் நனைத்த இடம், பூச்சு வேலையில் உதிர்ந்தது எல்லாம் அங்கேதான் கிடக்கும். நாங்கள் முதல் வருஷம் நட்ட கத்தரி ஒரு முழம்கூட வளரவில்லை, இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. அம்மா கடப்பாரையால் ஓர் இடத்தில் குத்திப் பார்த்தார், அரை அடிக்குக் கீழே காய்ந்த சிமெண்ட் கட்டி கட்டியாக வந்தது. சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கிறது, அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும், அப்புறம் இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகத்தான் போகும். ஆள் வைத்து ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பினோம். செலவுதான். ஆனால் அதே இடத்துக்குப் பேவர் பிளாக் போட்டிருந்தால் அதற்கும் செலவுதானே. அன்றிலிருந்து விழுகிற இலை ஒன்றைக்கூட நான் குப்பை வண்டியில் போடுவதில்லை, எல்லாம் செடியடியில் மூடாக்கு. இப்போது எங்கே கொத்தினாலும் மண்புழு வருகிறது.

சரி, என்ன விளைகிறது என்று கேட்பீர்கள். மதில் ஓரத்தில் ஒரு முருங்கை, பெரியகுளத்து பி.கே.எம்.-1 என்ற ரகம், விதை போட்ட ஏழாவது மாதம் பூ வைத்தது. ஒரு எலுமிச்சை. இரண்டு பப்பாளி. சமையலறைத் தண்ணீர் வெளியே வருகிற மூலையில் ஒரு வாழைக் கட்டை, இப்போது அது நாலைந்து தலைமுறை பார்த்துவிட்டது. கறிவேப்பிலை. நடுவில் மூன்று பாத்தி. கீரை விதைத்தால் 25 நாளில் பறிக்கலாம், வெண்டை 45 நாளில் காய்க்கு வரும், சித்திரை வெயிலுக்கும் அது அசராது. தக்காளிக்கு மட்டும் சென்னையில் மார்கழி, தை, மாசிதான். ராத்திரிச் சூடு ஏறிவிட்டால் பூவெல்லாம் உதிரும், உரம் போட்டுப் பிரயோஜனமில்லை. ஐப்பசி அடைமழையில் நட்டாலோ வேர் அழுகிப் போகும். கேட்டுக்கு மேலே வளைவாகக் கம்பி கட்டி, அதில் ஆடியில் பந்தல் அவரை ஏற்றிவிடுவோம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. பந்தல் அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும், எப்போது விதைத்தாலும் அதற்கு முன்னால் வெறும் கொடிதான். ஆடியில் விதைத்தால் மழைக்கு முன் வேர் பிடித்து, கார்த்திகையில் பூ வைத்து, பொங்கலுக்குக் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பொங்கலன்று எங்கள் குழம்பில் போகிற அவரைக்காய் வாசலில் பறித்தது. அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். முருங்கை பாதியில் முறிந்தது, காயோடு நின்ற பப்பாளி வேரோடு சாய்ந்தது. முருங்கை அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் நெஞ்சளவுக்கு வெட்டிவிடுகிறேன், அதனால் கிளை கிடுகிடுவென்று உயராது, காயும் கைக்கு எட்டும். கத்தரியில் காய்த்துளைப்பான் ஓயாத தொல்லை. நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம், கிள்ளி எடுத்து அழித்துவிட வேண்டும், அதைத் தினம் பார்க்க வேண்டும். வாசலில் செடி இருப்பதில் உள்ள பெரிய வசதி இது. பால் வாங்கப் போகும்போதும் கோலம் போடும்போதும் கண்ணில் படும். மாடியிலோ பின்கட்டிலோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்ப்போம், அதற்குள் புழு காய்க்குள் போய்விடும்.

விஷ மருந்து மட்டும் அடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். வேப்பெண்ணெய்க் கரைசல், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல், அத்தோடு சரி. இதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நினைவிருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எல்லாம் வெள்ளை பூத்துச் செத்தன. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்துத் தமிழ்நாட்டில் விட்டார்கள், ஒரு சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி செய்த வேலை அது. நாம் பம்பை எடுத்து அடித்தால் பூச்சிக்கு முன்னால் குளவிதான் சாகும். அப்புறம் தெருவில் போகிற பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிற செடியில் விஷம் தெளிக்க எனக்குக் கை வராது.

எல்லாரும் சொல்கிற ஆட்சேபணைகள் எனக்கும் தெரியும். கொசு வரும் என்பார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில், மூடாத டிரம்மில். உறிஞ்சுகிற மண்ணில் தண்ணீர் நிற்காது. பாம்பு வரும் என்பார்கள். பாம்பு எலியைத் தேடித்தான் வரும், செங்கல் குவியலும் பழைய மரச்சாமானும் போட்டு வைத்திருந்தால் வரும். பாத்தியைச் சுத்தமாக வைத்து, மதிலோரம் குப்பை சேரவிடாமல் பார்த்தால் போதும், இத்தனை வருஷத்தில் இரண்டே தரம்தான் பார்த்திருக்கிறேன், இரண்டும் சாரைப்பாம்பு. வாசலில் முருங்கை ஆகாது என்பார்கள். முருங்கைக் கிளை பட்டென்று ஒடியும், பிள்ளைகள் ஏறி விழுந்துவிடக்கூடாது, கம்பளிப்பூச்சி மேலே விழக்கூடாது, அந்தப் பயத்தில் பெரியவர்கள் சொல்லி வைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. நடைபாதையை விட்டுத் தள்ளி, மின்கம்பிக்குக் கீழே இல்லாமல் வைத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. திருஷ்டி படும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். அவருக்கு வாரம் ஒரு தரம் முருங்கைக்கீரை போகிறது, இப்போது அவரே பூசணிக் கொடி ஏற்றியிருக்கிறார்.

ஒன்று மட்டும் உண்மையான ஆட்சேபணை. பெரிய ரோட்டை ஒட்டிய வீடு என்றால் புழுதியும் புகையும் இலையில் படியும். அங்கே கீரை வேண்டாம், தோல் சீவிச் சாப்பிடுகிற காயும் பழமும் வையுங்கள், மதிலோரம் அடர்த்தியாக ஒரு வேலிச்செடி விடுங்கள்.

அழகாக இல்லை என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. ஊதாப் பூவோடு அவரைக் கொடி கேட்டின் மேல் படர்ந்து நிற்பதைவிட எந்தக் குரோட்டன்ஸ் அழகு?

இப்போது தண்ணீர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வாசலின் 300 சதுர அடி என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 2,800 லிட்டர் விழுகிறது. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது, அப்படியென்றால் 39,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் மூன்று லாரிக்கு மேல். அதைச் சிமெண்டில் வழியவிட்டுத் தெருவுக்கு அனுப்புகிறோம், தெரு அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003 முதல் சட்டம் இருக்கிறது. குழாய் வைத்திருக்கிறோம், குழி வெட்டியிருக்கிறோம், ஆனால் தானாகவே குடிக்கிற மண்ணை மூடிவிட்டோம். பெரிய புயல் மழையில் என் வாசல் மண்ணும் நிறைந்து வழியத்தான் செய்யும், ஒரு வீட்டு வாசல் ஊர் வெள்ளத்தைத் தடுக்காது. ஆனால் ஒரு தெருவில் 40 வாசல் இருக்கிறதே.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. குடம் தண்ணீருக்கு அலைந்தோம். அந்த வருஷம் பாத்திகளைக் கைவிட்டேன், ஆனால் வாழை பிழைத்தது, பப்பாளி பிழைத்தது. அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர்தான் அவற்றுக்குப் போனது. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள், வாழையும் கல்வாழையும் தாங்கிக்கொள்ளும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரையும் தொடர்ந்து செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு சேர்ந்து மண் கெட்டுவிடும்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் மயாமி ஷோர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஹெர்மின் ரிக்கெட்ஸ், டாம் கேரல் என்ற தம்பதி அங்கே 17 வருஷம் வீட்டுக்கு முன்னால் காய்கறி வளர்த்தார்கள், பின்பக்கம் போதிய வெயில் இல்லை என்பதால். எங்கள் கதையேதான். 2013-இல் ஊர் நிர்வாகம் விதியைத் திருத்தி, முன்பக்கம் காய்கறி வைக்கக்கூடாது என்றது. பூ வைக்கலாம், பழமரம் வைக்கலாம், காய்கறி கூடாது, மீறினால் நாளுக்கு 50 டாலர் அபராதம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். விடவில்லை. கடைசியில் மாநிலச் சட்டமன்றமே, வீட்டில் காய்கறி வளர்ப்பதை எந்த ஊர் நிர்வாகமும் தடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது, 2019 ஜூலை 1-இல் அது அமலுக்கு வந்தது. அவர்கள் மறுபடி அதே முன்வாசலில் நட்டார்கள். ஆறு வருஷம் போராடி வாங்கிய உரிமை நமக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது, வாசலில் கத்தரி வைத்தால் எங்கள் தெருவில் யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. அதை நினைத்தால்தான் அந்தக் கொய்யா மரம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கார் நிறுத்த இடம் வேண்டும், புரிகிறது. சக்கரம் ஓடுகிற இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதித்து, நடுவிலும் ஓரத்திலும் மண்ணை விடலாம். ஏற்கெனவே மூடியவர்கள் மதிலோரம் இரண்டடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்தாலே ஒரு முருங்கைக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் ஓர் அவரைக் கொடிக்கும் இடம் கிடைத்துவிடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்காமலே மாட்டேன் என்பார் என்று முடிவு செய்யாதீர்கள்.

நேற்று அந்தக் கொய்யா வீட்டு மருமகளைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். ரொம்பத் தயங்கித்தான் பேச்சை எடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "மரம் போனதிலிருந்து வாசல்ல நிக்கவே முடியலக்கா, அவ்வளவு சூடு" என்றார். மதில் மூலையில் நாலு கல்லை எடுத்தால் மறுபடி வைக்கலாமா என்று அவரே கேட்டார். ஒட்டுக் கன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. போன தையில் காயவைத்து எடுத்த பந்தல் அவரை விதை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் இருக்கிறவர்கள் கேட்டால் ஆளுக்குப் பத்து விதை தருகிறேன், காசு வேண்டாம். காய்த்ததும் விதைக்கென்று கொஞ்சம் முற்றவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.